யாரோட பாக்கலாம்

இல்லைங்க, நிறுத்தாதீங்க, ஓடட்டும். எனக்கு ஒண்ணும் எடைஞ்சல் இல்லை. இயர்போன் அத்துப்போச்சுன்னா என்ன பண்றது, சும்மா சத்தமாவே வைங்க. டிரைவர் போடுற பாட்டுக்கு இது எவ்வளவோ மேல். சொல்லப்போனா நீங்க வச்ச சத்தத்தக் கேட்டுத்தான் இங்கிட்டு வந்து உக்காந்தேன். அங்கிட்டு ஜன்னல் சீட்டே காலியாக் கெடந்துச்சு, பாத்தீங்கல்ல?

மலையாளப் பட விமர்சனந்தானே? தெரியும் தெரியும். யாரோட பாக்கலாம்னு சேனல் பேரு. ரஞ்சனின்னு ஒரு பொம்பளை பேசும், மூஞ்சி காட்டாது. ரொம்ப நாளாக் கேக்குறீங்களோ? அப்படியா, கடையில எல்லாருமே கேப்பீங்களா? எந்தக் கடை? மெடிக்கலா. தெனமும் திருச்சிக்குப் போயிட்டு வர்றது செரமந்தான். பேரு? அறிவுமதியா. நல்ல பேரு. நான் திலகவதிங்க. கீரனூர்தான், கடைவீதிக்குப் பின்னாடி வீடு. எங்க அத்தைக்குக் கண்ணாடி மாத்தணும், அதுக்குத்தான் திருச்சிக்குப் போறேன்.

இதுல சொல்ற படம் பாத்துட்டீங்களா, அந்த மாட்டாஸ்பத்திரிப் படம்? பாக்கலையா? பாருங்க. மலைமேல ஒரு ஊரு, அங்க ஒரு மாட்டாஸ்பத்திரி. புதுசா ஒரு லேடி டாக்டர் வருது. ஊர்ல ஒருத்தனும் மாட்டை ஓட்டிட்டு வர மாட்டேங்கிறான். முக்காவாசிப் படம் அம்புட்டுத்தான். ஆனா அந்தப் பொண்ணு ஆளில்லாத ஆஸ்பத்திரியில உக்காந்து டிபன் பாக்ஸைத் தெறக்குது பாருங்க, தெறந்துட்டு, வாசல்ல யாராச்சும் வாராங்களான்னு ஒரு பார்வை பாக்குது, அப்புறம் சாப்புடுது. ஒரு வசனம் கெடையாது. எனக்கு அன்னைக்கு முழுக்கச் சோறு எறங்கலை. நம்ம படத்துல சோத்துத் தட்டைத் தட்டிவிட்டுட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாங்க. அவங்க சாப்டுக்கிட்டே பேசுவாங்க. சண்டையக்கூட மீன்ல முள்ளு எடுத்துக்கிட்டே போடுவாங்க.

எந்தப் படம்? அந்த எஸ்டேட் பேய்ப் படமா? ஊரே கொண்டாடுன படத்தை அவ எப்படி நல்லால்லைன்னு சொல்லலாம்ங்கிறீங்க. சரி, நீங்களே சொல்லுங்க. மொதப் பாதியில பேயே வரலை, நமக்கு உசுரு போச்சு. ரெண்டாம் பாதியில பேயி வந்து நிக்குது, நமக்குக் கொட்டாவி வருது. உண்டா இல்லையா? இப்பக் கொஞ்ச நாளா அங்கயும் இப்படி ஆயிப்போச்சுங்க. முன்ன ஒரு ஆளு கொடையத் தொலைச்சத வச்சு ரெண்டு மணி நேரம் படம் எடுப்பாங்க. இப்ப எல்லாருக்கும் கோடாலி வேணும், ரத்தம் வேணும், இந்தியா முழுக்க ஓடணும். தொலைஞ்ச கொடையப் பத்திக் கவலைப்பட ஆளில்லை.

ஆமா, ஸ்டார் கீர் ஒண்ணும் போட மாட்டா. கடைசியில யாரோட பாக்கலாம்னு சொல்லி முடிச்சுருவா, அவ்வளவுதான். கூடப் பொறந்தவனோட பாருங்க. தனியாப் பாருங்க. கல்யாணம் ஆயி ஒரு வருசத்துக்குள்ள இருந்தா ரெண்டு பேருமாப் பாக்காதீங்க. போன மாசம் ஒரு படத்துக்கு, மாமியாரோட பாருங்க, ஆனா அழுகுறத ரெண்டு பேரும் காட்டிக்காதீங்கன்னு சொன்னா. கேட்டீங்களா அத? சிரிச்சீங்களா? நல்லது.

இருங்க, போன் அடிக்குது.

அத்தை. ம். ஏறிட்டேன் அத்தை. ம். உக்காந்துட்டேன். சரித்தை. ம். ம். நெத்திலிக் கருவாடா, சரித்தை, வாங்கிட்டு வாரேன். இல்லத்தை, பக்கத்துல பொம்பளைப் புள்ளைதான். சரித்தை. ம். வைக்கிறேன்.

எங்க மாமியாருங்க. காது கொஞ்சம் மந்தம். என்ன அப்படிப் பாக்குறீங்க?

ஏன், இப்பப் பேசுனது வேற ஆளு மாதிரி இருந்துச்சா? மாமியாருக்கு இவ்வளவு பயமான்னு கேப்பீங்கன்னு பாத்தா, நீங்க வேற என்னமோ கண்டுபுடிச்ச மாதிரி முழிக்கிறீங்க. அந்தப் போனை நிறுத்துங்க. இப்ப நான் பேசுறதக் கேளுங்க. வணக்கம், இந்த வாரம் ஒரு மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்.

ஐயோ, சத்தம் போடாதீங்க தங்கச்சி! கீரனூர் ஆளுக நாலு பேரு இருப்பாங்க இந்த பஸ்ல. ஆமா, ரஞ்சனி நான்தான். சத்தியமா நான்தான். போட்டோவா? ஐயையோ, அதெல்லாம் வேணாம். உங்க கடையிலயும் சொல்லிறாதீங்க. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆலுவாவுல எங்கூடப் படிச்சவ ஒருத்திக்குத் தெரியும், அவதான் படம் பாக்குறதுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தவ. இப்ப நீங்க.

நாங்க ஆலுவாவுலதான் இருந்தோம். எங்கப்பா அங்க இஸ்திரி வண்டி வச்சிருந்தாரு. நான் பத்தாவது வரைக்கும் மலையாளத்துலதான் படிச்சேன். மலையாளத்துல இஸ்திரி போடுறதத் தேப்புன்னுதான் சொல்லுவாங்க. காதலிச்சவங்களக் கழட்டிவிட்டுட்டுப் போறதுக்கும் தேப்புன்னுதான் பேரு. அதனால பசங்க என்னையத் தேப்புக்காரின்னு கூப்புட்டா கிளாஸே சிரிக்கும். நானும் விட மாட்டேன். திருப்பிக் கொடுப்பேன். எனக்கு அப்ப வாயின்னா அம்புட்டு வாயி. டீச்சரே, திலகவதி நீ கொஞ்சம் மூச்சு விட்டுக்கோன்னு சொல்லுவாங்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்ததும் ஊருக்கே வந்துட்டோம். இங்க வந்தப்புறம் என் தமிழக் கேட்டுட்டு எல்லாரும் சிரிச்சாங்க. இது வேற சிரிப்பு. சரி, பேசலைன்னா சிரிக்க மாட்டாங்கன்னு பேச்சைக் கொறச்சேன். கொறச்சது அப்படியே நின்னு போச்சு.

கல்யாணம் ஆயி நாலு வருசம் ஆச்சு. அவரு ஷார்ஜாவுல இருக்காரு. மொட்டைமாடியில ஏசிக்குக் குழாய் மாட்டுற வேலை. கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசத்துல போயிட்டாரு, நடுவுல ஒருதரம் லீவுல வந்தாரு. வீட்ல நானும் அத்தையும்தான். மோசமான மனுசி இல்லைங்க அவங்க. என்னைய ஒரு வார்த்தை அதட்டிப் பேசுனது கெடையாது. ஆனா வெளிய விட மாட்டாங்க. பயம். மகன் ஒப்படைச்சுட்டுப் போயிருக்கான், ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா என்ன பதில் சொல்றதுன்னு பயம். கடைக்குப் போனா அவங்களும் வருவாங்க. கோயிலுக்குப் போனா அவங்களும் வருவாங்க. கண்ணாடி ஒடஞ்சதுனால அவங்களுக்கு ரெண்டு நாளாப் படியே தெரியலை, அதான் இன்னைக்கு நான் மட்டும் வந்துருக்கேன்.

எங்க பேசுறதா? சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்ல கடலை மூட்டை அடுக்கி வைக்கிற ரூம் ஒண்ணு இருக்கு. ஜன்னல் கெடையாது. நாலு பக்கமும் மூட்டை, அதனால எதிரொலியே வராது. விதைக்கடலை ஒடைக்கப் போறேன்னு சொல்லிட்டு உள்ள போயிருவேன். மடியில மொறம், மூட்டை மேல போனு. கை பாட்டுக்கு ஒடைச்சுக்கிட்டே இருக்கும், வாயி பாட்டுக்குப் பேசும். பின்னாடி மொறுமொறுன்னு ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கீங்களா? மழைன்னு நினைச்சீங்களா? நெறையப் பேரு அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க. கேரளாவுல இருந்து மழையில உக்காந்து பேசுறேன்னு நினைச்சுக்கிறாங்க. நான் கடலைத் தூசியில தும்மலை அடக்கிக்கிட்டுப் பேசிக்கிட்டு இருப்பேன்.

படத்த ஒரே மூச்சாப் பாத்ததே கெடையாதுங்க. சோறு வேகுற நேரம் கொஞ்சம், அத்தை கண் அசர்ற நேரம் கொஞ்சம். ஒரு காதுலதான் மாட்டிக்குவேன், இன்னொரு காது வாசலுக்கு. ஒரு படத்துல கதாநாயகன் கெணத்துல எறங்குறப்ப அத்தை கூப்புட்டாங்க. அப்படியே நிறுத்திட்டுப் போயிட்டேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அந்த ஆளு கயித்தப் புடிச்சுக்கிட்டு பாதிக் கெணத்துல தொங்கிக்கிட்டே இருந்தான். எனக்கு வேலையே ஓடலை. பாவமே, கை வலிக்குமேன்னு இருக்கு.

ஆமா, நெறைய எழுதுவாங்க. கேவலமாவும் எழுதுவாங்க, அதெல்லாம் பாக்குறதில்லை. ஆனா ஒருத்தரு. இன்ஸ்டாகிராம்ல தனியா மெசேஜ் போடுவாரு. எல்லா வாரமும் எழுதுவாரு. ஏங்க, ரொம்ப நல்லா எழுதுவாருங்க. எங்கயோ அரபு நாட்டுல இருக்காரு. ரூம்ல கூட இருக்குற மலையாளிப் பசங்க, ஒரு தமிழ்ப் பொம்பளை எங்க படத்தக் கிழிக்குறா பாருன்னு சிரிக்கிறதுக்காகப் போட்டாங்களாம். போட்டுட்டு அவங்களே, இவ சொல்றது சரிதான்டான்னு ஒத்துக்கிட்டாங்களாம். அதுல இருந்து இவரு கேக்க ஆரம்பிச்சாரு.

என்னத்த எழுதுவாரா? படத்தப் பத்தித்தான். ஒரு படத்துல அப்பன்காரன் ரொம்ப வருசம் கழிச்சு வெளிநாட்டுல இருந்து வருவான், மக அவனை மாமான்னு கூப்புடும். அதுக்கு மேல பாக்க முடியலை மேடம், எந்திரிச்சு வெளிய போயிட்டேன்னு எழுதியிருந்தாரு. நான் ஊருக்குப் போனா ஒரு மாசம் விருந்தாளி மேடம், எல்லாரும் நல்லாருக்கியான்னு கேக்குறாங்க, பதில் சொல்றதுக்குள்ள அடுத்த ஆளு கேக்குதுன்னு எழுதியிருந்தாரு. நான் பதில் போட்டேன். ஆமா போட்டேன். நல்லாருக்கீங்களான்னு கேக்க மாட்டேன், இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்குறேன், சொல்லுங்கன்னு போட்டேன். சொன்னாருங்க. அன்னைக்கு நடந்தத, அதுக்கு முந்துன நாள் நடந்தத, சின்ன வயசுல நடந்தத. படிக்கணும்னு ஆசைப்பட்டாராம், முடியலையாம். அம்மாவ எதுத்து ஒரு வார்த்தை பேச வராதாம். மொட்டைமாடி வெயில்ல நிக்கிறப்ப எங்கூட மனசுக்குள்ள பேசிக்கிட்டே வேலை பாப்பாராம்.

அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு. பொண்டாட்டியப் பத்தியும் எழுதுவாரு. கெட்டவங்கன்னு எழுத மாட்டாரு. என் மனைவி ரொம்ப நல்லவங்க மேடம், ஆனா எங்கிட்டப் பேசுறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணுமில்லை போல. சாப்டீங்களா, சரிங்க, ம். இந்த மூணுதான். கல்லுகிட்டப் பேசுற மாதிரி இருக்குன்னு ஒருதரம் எழுதியிருந்தாரு. கல்லுன்னு.

பிளாக் பண்ணிருங்கன்னு சொல்றீங்க. பொண்டாட்டி இருக்கிறவன்கிட்ட எதுக்கு வம்புன்னு. சரிதான். நானா இருந்தா நானும் அதத்தான் சொல்லுவேன். ஆனா பாருங்க, அவரு மெசேஜ் போடுற பேருக்குப் பக்கத்துல ஒரு மாட்டுப் படம் வச்சிருக்காரு. ஜல்லிக்கட்டு மாடு. நெத்தியில வெள்ளை, எடது கொம்புல ஒரு கீறல். மொத மெசேஜ் வந்த அன்னைக்கே பாத்தேன். அந்த மாட்டுக்கு நான்தான் தெனமும் தண்ணி காட்டுறேன். எங்க மாமனாரு இருக்கும்போது வளத்த மாடு.

ஆமாங்க. எங்க வீட்டுக்காரருதான்.

எப்படிக் குரல் தெரியாமப் போகும்னு கேக்குறீங்க. இப்ப போன்ல பேசுனேன்ல, அதத்தான் அவருக்குத் தெரியும். அவரு பேசுறது அத்தை போன்லதான். அத்தைக்குக் காது கேக்காதுல்ல, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவோம். எனக்குத் தனியாப் போன் பண்ணுனா அத்தை மூஞ்சி வாடிப்போகும், அதனால அவரும் பண்றதில்லை. அவங்கள வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பேச? அங்கயும் அவரு ரூம்ல ஆறு பேரு. அவரு மட்டும் என்னத்தப் பேசுவாரு? நாலு வருசத்துல நான் அவருகிட்டச் சேந்தாப்புல நாலு வரி பேசுனதில்லை. ரஞ்சனி வாரம் பதினஞ்சு நிமிசம் பேசுறா.

இதக் கேளுங்க. ஒருதரம் ஸ்பீக்கர்ல அவரே சொல்றாரு, அம்மா இங்க ஒரு சேனல் இருக்கு, ஒரு பொம்பளை படத்தப் பத்திப் பேசுது, அப்படி ஒரு பேச்சு. திலகாவையும் கேக்கச் சொல்லும்மா, ரெண்டு வார்த்தை பேசவாச்சும் கத்துக்கட்டும்னு. அத்தை, எதுக்குடா, வாயாடுறதுக்கான்னு கேக்குறாங்க. நான் பக்கத்துல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்கேன். சிரிப்பும் வருது, இன்னொண்ணும் வருது.

சொல்லியிருக்கலாம். மொத மெசேஜுக்கே, நான்தாங்க உங்க திலகான்னு போட்டிருக்கலாம். லீவுல வர்றப்ப நேர்ல சொல்லி அசத்திரலாம்னு நினைச்சேன். அது வரைக்கும் ரெண்டு வரி பேசிப் பாப்போமேன்னு ஒரு ஆசை. அப்புறம் அவரு மனசுல இருக்கிறதக் கொட்ட ஆரம்பிச்சாரு. அப்புறம் கல்லுன்னு எழுதுனாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? அந்தக் கல்லு நான்தான்னு எப்படிப் போய்ச் சொல்ல?

முயற்சி பண்ணாம இல்லைங்க. கல்லுன்னு எழுதுன வாரம், ஸ்பீக்கர்ல அவரு வந்ததும், தைரியத்த வரவழைச்சுக்கிட்டு, ஏங்க, நான் ஒரு படம் பாத்தேங்கன்னு ஆரம்பிச்சேன். அத்தை என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, படமா, எப்பப் பாத்தேன்னு கேட்டாங்க. அங்கிட்டு இருந்து அவரு, சரி சரி அப்புறம் சொல்லு, அம்மாட்டக் குடுன்னாரு. ஸ்பீக்கர்ல இருக்குற போனை யாருகிட்டக் குடுக்க? அதோட முடிஞ்சுச்சு. அன்னைக்கு ரஞ்சனிக்கு எழுதுறாரு, இன்னைக்கு என் மனைவி என்னமோ சொல்ல வந்தாங்க மேடம், நான் கேக்காம விட்டுட்டேன், மனசே சரியில்லைன்னு. நான் என்ன பதில் போட? அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்குத் தெரியும்ங்கன்னா?

எனக்கு அவ மேல எரிச்சலா வரும்ங்க. ரஞ்சனி மேலதான். எம் புருசன்கிட்ட எனக்கில்லாத உரிமை அவளுக்கு எதுக்கு? இன்னொருத்தியா இருந்தா முடியப் புடிச்சு இழுத்துத் தெருவுல விட்டுருக்கலாம். இப்ப யாரு முடியப் புடிக்க? அத்தைகிட்டப் போயி, உங்க மகன் ஒருத்திகூடப் பேசுறாருன்னு சொல்ல முடியுமா? யாருடி அந்தப் பொம்பளைன்னு கேட்டா? இதுல இன்னொரு கூத்து, அவரு அம்மாவுக்குப் பயந்தது, படிக்க ஆசைப்பட்டது, எந்திரிச்சு வெளிய போயி அழுதது எல்லாம் எனக்கு இப்பத்தான் தெரியும். கல்யாணம் பண்ணி நாலு வருசம் கழிச்சு எனக்கு அவரைப் புடிக்க ஆரம்பிச்சிருக்குங்க. அவரு அவளுக்கு எழுதுறதப் படிச்சு. நிறுத்துனா அதுவும் போயிரும். சேனல நிறுத்திட்டா வீட்ல அந்தப் பழைய மூணு வார்த்தைதான் மிச்சம். நிறுத்தலைன்னா அவரு அவளை நோக்கிப் போயிக்கிட்டே இருப்பாரு. ரெண்டு பக்கமும் வெளித் தாப்பா போட்ட மாதிரி.

அவருக்குத் தெரிஞ்சிருக்குமோன்னா? ஆமா, அதத்தான் கேக்கணும்னு இருந்தேன், நீங்களே கேட்டுட்டீங்க. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. ஒரு சோதனை வச்சேன். கல்யாணத்தன்னைக்கு மணமேடையில ஒரே பொகை, மேளச் சத்தம், நான் நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். தாலியக் கையில எடுத்துட்டுக் குனிஞ்சவரு என் காதுல, பயமா இருக்கா, எனக்கும்தான்னு சொன்னாரு. வேற யாருக்கும் கேக்கலை. அத ஒரு கல்யாணப் படம் வந்தப்ப உள்ள சொருகுனேன். இந்தப் படத்துல எல்லாம் இருக்கு, ஆனா தாலி கட்டுறப்ப மாப்பிள்ளை குனிஞ்சு, பயமா இருக்கா எனக்கும்தான்னு சொல்ற மாதிரி ஒரு எடம் இல்லை, அது இல்லாமக் கல்யாணப் படம் எதுக்குன்னு பேசிட்டு, அப்படியே ஏத்திவிட்டுட்டேன்.

அந்த வாரம் மெசேஜ் வரலை. அடுத்த வாரமும் வரலை. ஸ்பீக்கர்ல பேசுறப்ப எப்பவும் போலப் பேசுறாரு, என்னைய வழக்கம் போலச் சாப்டியான்னு கேக்குறாரு. நான் சாப்டேங்கன்னு சொல்றேன். ஆனா நான் சொல்லி முடிச்சப்புறம் கொஞ்ச நேரம் அங்கிட்டு இருந்து சத்தமே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு அத்தை போனைத் தட்டுறாங்க. அவ்வளவுதான். அது நெட்வொர்க்கா இருக்கலாம்.

அப்புறம் ஒருநாள் எழுதுனாரு. லீவு போட்டுட்டேன் மேடம், ஊருக்கு வாரேன், உங்களை ஒருதரம் நேர்ல பாக்கணும்னு. அதே மேடந்தான், அதே நீங்கதான். தெரிஞ்சுக்கிட்டுக் கூப்புடுறாரா, தெரியாமக் கூப்புடுறாரா? தெரிஞ்சா எதுக்கு மேடம்? தெரியலைன்னா என்ன தைரியத்துல இன்னொருத்தியக் கூப்புடுறாரு? ஒரு வரிய வச்சுக்கிட்டு நான் தெனமும் மாத்தி மாத்திப் படிக்கிறேன். ஊர்ப் படத்துக்கெல்லாம் அர்த்தம் சொல்றவளுக்கு இந்த ஒரு வரிக்கு அர்த்தம் தெரியலை.

மாத்தூர் தாண்டியாச்சா? பேச்சுல தெரியவே இல்லை. அந்தா பாருங்க, ஏர்போர்ட்டு, புது பில்டிங்கு. இன்னைக்கு விடியக்காலம் அங்கதான் வந்து எறங்குனாரு.

யாரா? அவருதாங்க. வீட்ல நாளைக்கு வாரேன்னு சொல்லியிருக்காரு. ரஞ்சனிகிட்ட இன்னைக்குன்னு சொல்லியிருக்காரு. லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கேன், தப்பா நினைக்காதீங்க, குளிச்சுச் சட்டை மாத்தத்தான்னு அதுக்கு ஒரு விளக்கம் வேற. காலையில பதினொன்றரை ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்காரு. புது மலையாளப் படம், நேத்துதான் ரிலீஸ். நீங்க வந்தா வாங்க, வரலைன்னா பக்கத்துச் சீட்டுல என் பையை வச்சுக்கிறேன்னு எழுதியிருக்காரு. இந்தாங்க, நீங்களே படிச்சுப் பாருங்க. அந்தப் பை வரியத்தான் நான் இன்னைக்குப் பத்துத் தரம் படிச்சேன்.

கண்ணாடியும் மாத்தணும், அது பொய் இல்லை. ஆனா அதுக்கு மட்டும் இந்தப் புடவையக் கட்டுவேனா?

லைட்ட அணைச்சப்புறம் உள்ள போயி உக்காந்துரலாம்னு இருந்தேன். பேசாமப் படத்தப் பாக்கலாம். தியேட்டர்ல படம் பாத்தே நாலு வருசம் ஆச்சு. ஆனா இடைவேளையில லைட்டப் போட்டுருவான்ல? அப்ப அவரு திரும்பிப் பாத்து, வீட்டுக்குத் தெரியாம யாரப் பாக்க வந்தேன்னு கேக்கலாம். நானும் அவரை அதையே கேக்கலாம். ரெண்டு பேருக்கும் பதிலு ஒண்ணுதான், மெசேஜ்ல பேசுற ஆளப் பாக்கன்னு, ரெண்டு பேராலயும் அதச் சொல்ல முடியாது.

போகாதீங்கன்னு சொல்றீங்களா? போங்கன்னு சொல்றீங்களா? என்னது? இல்லைங்க, ரஞ்சனியா எப்படிப் போக? உங்ககிட்ட நான் இவ்வளவு நேரம் எந்தக் குரல்ல பேசுனேன்? நீங்க சேனல்ல கேட்டது இல்லை. போன்ல கேட்டதும் இல்லை. நானே இத ரொம்ப நாளாக் கேக்கலை, ஆலுவாவுல விட்டுட்டு வந்ததுன்னு நினைச்சேன்.

ஒரு நிமிசம் இருங்க. வாய்ஸ் மெசேஜ் இந்த இன்ஸ்டாகிராம்லயும் போடலாம்ல? எத அமுக்கணும்? இதா? சரி.

என்னங்க. நான் திலகா பேசுறேன். பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன், டோல்கேட்டு வரப்போகுது. அத்தைகிட்டக் கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். இத்தனை நாளும் உங்களுக்கு எழுதுனது நான்தாங்க. பையை எடுத்து மடியில வச்சுக்கங்க. வாரேன்.

போயிருச்சு. அழிக்கவா? அழிக்கலாம்ல இன்னும்? ஐயோ, பாத்தாச்சுன்னு வந்துருச்சே. கேக்குறாரு போல. ஒண்ணும் காணோம். எழுதுறாரு. நிறுத்திட்டாரு. மறுபடி எழுதுறாரு. என்னத்த இவ்வளவு நேரம்? நீங்க பாருங்க, என்னால முடியாது. வந்துருச்சா? என்ன போட்டிருக்கு?

வா. அம்புட்டுத்தானா? வேற இல்லையா? கொடுங்க.

வான்னுதான் இருக்கு. ரஞ்சனிக்கு எப்பவும் வாங்க போங்கதான். வீட்ல என்னையத்தான் வா போன்னு கூப்புடுவாரு. ஆனா கோவத்துலயும் வாதானேங்க, அன்புலயும் வாதானே? ஒத்தை எழுத்துல என்னத்தக் கண்டுபுடிக்க? நீங்க சிரிக்கிறீங்க. உங்களுக்கு என்ன, நீங்க மெடிக்கலுக்குப் போயிருவீங்க.

டோல்கேட்டா? தியேட்டருக்கு இங்கதான். அண்ணே, எறங்கணும், எறங்கணும், ஒரு ஆளு இருக்கு! கொஞ்சம் காலை ஒதுக்குங்க தங்கச்சி. பை, போனு, கண்ணாடிக் கூடு, எல்லாம் இருக்கு. அங்க எதுவா இருந்தாலும் இருட்டுறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிரணும்ங்க. நாளைக்கு விடியக்காலம் கார் சொல்லியிருக்கு, அத்தையும் நானும் ஏர்போர்ட்டுக்குப் போயி அவரைக் கூட்டிக்கிட்டு வரணும்.